அணியின் பருமனை அளந்தவர்: ஆலன் டியூரிங்

கோயம்புத்தூரை அடுத்துள்ள போத்தனூர், தென்னாட்டில் தொடர்வண்டிப் பயணம் செய்தோர் பலரும் அறிந்த ஒரு சந்திப்பு. 1881ஆம் ஆண்டில் அவ்வூரில் அயர்லாந்து வழிவந்த குடும்பமொன்றில் எதெல் சாரா ஸ்டோனி என்னும் பெண்குழந்தை பிறந்தது. அக்குழந்தையின் தந்தையார் எட்வர்டு வாலர் ஸ்டோனி, சென்னை இருப்புப்பாதையின் தலைமைப் பொறியியலாளராக விளங்கியவர். துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் அமைத்தவர். ஓசையின்றிச் சுழலும் பங்காச் சக்கரம் ஒன்றைப் புனைந்து அதற்குக் காப்புரிமையும் பெற்றவர். இந்தப் போத்தனூர்ப் பெண்மணியின் இளைய மகனே, கணினியியலின் தந்தையென உலகம் இன்று போற்றும் ஆலன் டியூரிங் ஆவார்.

அவருடைய தந்தையார் ஜூலியஸ் டியூரிங்கின் கதையும் நமக்கு அயலானதன்று. இந்தியக் குடியியற் சேவைக்கான தேர்வுகளை எழுதிய அவர், இந்தியச் சட்டம், வரலாறு என்பவற்றோடு தமிழ்மொழியையும் ஒரு பாடமாகப் பயின்று, 1896ஆம் ஆண்டின் இறுதித் தேர்வில் ஏழாம் இடத்தைப் பெற்றார். அவ்வாண்டின் முடிவிலேயே சென்னைக்கு வந்து, பெல்லாரி, கர்நூல், விசாகப்பட்டினம் என அன்றைய சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் அலுவல் பார்த்தார். 1907ஆம் ஆண்டில் தாயகம் திரும்பும் கப்பற் பயணத்தின்போது ஜூலியசும் எதெலும் ஒருவரையொருவர் கண்டு பழகினர். அதே ஆண்டில் டப்ளின் நகரில் அவர்களது திருமணம் நிகழ்ந்தது. மூத்த மகன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். இளையவரான ஆலன் 1912ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார்.

இரண்டாம் உலகப்போரில் செருமானியரின் மறைகுறிகளை உடைத்தவர் என்னும் அளவில் டியூரிங்கை இன்று பலரும் அறிவர். திரைப்படங்களும் நூல்களும் அக்கதையைப் போதிய அளவு சொல்லிவிட்டன. நமது பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் சிலர் கணினி நிரல் எழுதப் பழகும் இக்காலத்தில், அவர்கள் நாள்தோறும் தம்மையறியாமலே பயன்படுத்தும் அவரது மற்றொரு கொடையை இங்கு எடுத்துரைப்பது பொருத்தமாகும் என எண்ணுகிறேன். எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய ஓர் அட்டவணை எவ்வளவு பெரியது என்பதை ஒரே எண்ணாற் கூறும் முறை அது. ஆங்கில நூல்கள் அதனை நார்ம் என்னும். நாம் பருமன் என்றே வழங்குவோம். எண் அட்டவணையைத் தமிழகத்துப் பாடநூல்கள் அணி என்றும் ஈழத்துப் பாடநூல்கள் தாயம் என்றும் குறிக்கும். பெற்றோர் தத்தம் பள்ளிக்காலத்துச் சொல்லை நினைவிற்கொண்டு மேலே படிக்கலாம்.

ஆலனுக்கு ஒன்றேகால் வயதானபோது, அன்னையார் கணவரிடம் இந்தியாவுக்குத் திரும்பினார். வெப்ப நாட்டின் நோய்களுக்கு அஞ்சிப் பிள்ளைகள் இருவரையும் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சென்ட் லெனார்ட்சு என்னும் ஊரில், ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரின் இல்லத்தில் விட்டுச் சென்றனர். பெற்றோர் ஒரு கண்டத்திலும் பிள்ளைகள் மற்றொரு கண்டத்திலுமாக வாழ்தல் எத்தகையது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. போர்க்காலத்திற் சில ஆண்டுகள் அன்னையார் உடனிருந்தார். பின்னர் மீண்டும் பிரிவு. தந்தையார் 1926இல் பணியிலிருந்து விலகும்வரை அக்குடும்பம் ஒரே கூரையின்கீழ் நிலையாக வாழ்ந்ததில்லை.

அதே 1926இல் ஆலன் ஷெர்போர்ன் பள்ளியிற் சேர்ந்தார். பள்ளி தொடங்கும் நாளில் நாடெங்கும் பொதுவேலைநிறுத்தம், தொடர்வண்டிகள் ஓடவில்லை. சவுதாம்டன் துறைமுகத்தில் வந்திறங்கிய பதின்மூன்று வயதுச் சிறுவன், தன் மிதிவண்டியில் ஏறத்தாழ 60 மைல் தூரத்தைக் கடந்து, இடையில் ஒரு விடுதியில் இரவைக் கழித்து, மறுநாள் பள்ளிவாயிலை அடைந்தான். அப்பள்ளியில் அவருக்கு வாய்த்த அறிவுத் தோழர் கிறிஸ்டபர் மார்கம். கணிதத்திலும் வானியலிலும் இருவரும் ஒருவரையொருவர் தூண்டி வளர்ந்தனர். 1930ஆம் ஆண்டு பெப்ரவரியில் மார்கம் காசநோயால் மறைந்தார். அவ்விழப்பு டியூரிங்கின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று.

1931இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1935இல் தமது 22ஆம் வயதில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினர் ஆனார். 1936இல் அவர் எழுதிய கட்டுரையே இன்றைய கணினிக்குக் கருத்தளவில் வித்திட்டது. எழுதப்பட்ட விதிகளின்படி ஒரு நாடாவிலுள்ள குறிகளைப் படித்தும் அழித்தும் எழுதியும் செல்லும் ஒரு கற்பனைப் பொறி, கணிக்கத்தக்க அனைத்தையும் கணித்துவிடும் என்றும், எந்தப் பொறியாலும் தீர்க்கவியலாத வினாக்களும் உள்ளன என்றும் அதில் நிறுவினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1938இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே உதவியாளராகத் தங்குமாறு கணிதமேதை வான் நியூமன் அழைத்தும், போர்மேகம் சூழ்ந்த தாய்நாட்டிற்கே திரும்பினார். 1939 செப்டெம்பர் 4ஆம் நாள், போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், பிளெச்லி பார்க் என்னும் மறைகுறி நிலையத்தில் அலுவலேற்றார். அங்கு அவர் ஆற்றிய பணி பல்லாண்டு காலம் மந்தணமாகவே இருந்தது.

இனி நமது பொருளுக்கு வருவோம்.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், லண்டனை அடுத்த டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் டியூரிங் சேர்ந்தார். மின்னணுக் கணினியொன்றை வடிவமைப்பது அவர் பணி. ஏஸ் எனப் பெயரிடப்பட்ட அப்பொறியின் முழுத்திட்டத்தையும் சில மாதங்களிலேயே எழுதி, 1946இன் தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தின் செயற்குழுவிடம் அளித்தார். அதற்கு ஆகும் செலவு 11,200 பவுன் என்று அவர் மதிப்பிட்டிருந்தார். திட்டம் விரைந்து எழுந்தது, பொறியோ எழவில்லை. கருவிகளைச் செய்து தருவோர் யார், பொறுப்பேற்பவர் யார் என்னும் வாதங்களில் மாதங்கள் உருண்டோடின.

கணினி இல்லாத அக்காத்திருப்பின் இடையே ஒரு வினா எழுந்தது. கணினி வந்தால் அதற்கு இடப்படும் முதன்மையான வேலைகளுள் ஒன்று, பல தெரியாக் கணியங்களைக் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தல். விமானத்தின் இறக்கை அதிர்வும் பாலத்தின் தாங்குதிறனும் நில அளவையும் ஈற்றில் இத்தகைய சமன்பாடுகளிலேயே வந்து முடியும். இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை நம் சிறுவர்கள் அறிவர்: ஒன்றைக் கொண்டு மற்றொன்றிலிருந்து ஒரு கணியத்தை நீக்குதல். நூறு சமன்பாடுகளாயினும் முறை அதுவே. ஆயினும் பொறி ஒவ்வொரு எண்ணையும் குறிப்பிட்ட சில இலக்கங்களோடு நிறுத்திக்கொள்ளும், எஞ்சியதை வெட்டிவிடும். ஒரு முறை வெட்டுவதால் விளையும் பிழை கடுகினும் சிறிது. ஆனால் நீக்கும் படிகள் ஆயிரமாயிரமாகும்போது, அப்பிழைகள் ஒன்றையொன்று பெருக்கி, விடையையே விழுங்கிவிடாவா?

விழுங்கிவிடும் என்றே அன்று பலரும் அஞ்சினர். அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஹரல்ட் ஹோட்டலிங், 1943இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒவ்வொரு சமன்பாடு கூடும்போதும் பிழை நான்கு மடங்காகப் பெருகலாம் என்று மதிப்பிட்டார். நான்கை நான்கால் நூறு முறை பெருக்கிப் பார்த்தால் அச்சத்தின் அளவு விளங்கும்: 61 இலக்கங்கள் கொண்ட எண் கிடைக்கும். அதாவது நூறு சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு, வேண்டிய இலக்கங்களுக்கு மேலாக ஏறத்தாழ 60 இலக்கங்களைச் சுமந்து செல்லவேண்டும். அது மெய்யானால், பெரும்பொருட்செலவில் எழவிருக்கும் கணினிகள் இவ்வேலைக்கு உதவா. டியூரிங்கும் அன்று இவ்வாறு அஞ்சியோர் அணியிலேயே இருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அச்சமயம் ஆய்வுக்கூடத்தின் கணிதப் பிரிவுக்கு 18 சமன்பாடுகள் கொண்ட ஒரு கணக்கு வந்தது. வாதிட்டுக்கொண்டிருப்பதைவிடத் தீர்த்தே பார்ப்போம் எனத் துணிந்து, லெஸ்லி ஃபாக்ஸ், குட்வின், 1946 மே மாதத்தில் அங்கு வந்து சேர்ந்த ஜேம்ஸ் வில்கின்சன், டியூரிங் ஆகிய நால்வரும் மேசைமீது வைத்து இயக்கும் கணக்குப் பொறிகளோடு அமர்ந்தனர். டியூரிங்குக்கு அதில் ஆர்வமில்லை. அப்பொறியை இயக்குவதில் அவருக்குப் பழக்கமும் குறைவு. முயற்சி தோல்வியில் முடியும் என்ற எண்ணமும் உறுதியாக இருந்தது. ஹோட்டலிங்கின் கணக்குப்படி, 18 சமன்பாடுகளில் பிழை நான்கின் 17ஆம் அடுக்கு மடங்காகும். அது 1,700 கோடியை விஞ்சும். அவர்கள் பயன்படுத்தியதோ பத்துத் தசம இலக்கங்கள். ஆகவே விடையில் நம்பத்தக்க இலக்கம் ஒன்றேனும் எஞ்சக்கூடாது.

கணக்கு முடிந்தது. கிடைத்த விடையை மூலச் சமன்பாடுகளில் இட்டுப் பார்த்தனர். இரு பக்கங்களும் பத்தாம் தசம இலக்கம்வரை ஒத்து நின்றன! விடையை மேலும் திருத்தி ஒப்பிட்டபோது, முதலிற் கிடைத்த விடையிலேயே ஏறத்தாழ ஆறு இலக்கங்கள் சரியாக இருந்தமை தெரிந்தது. நான்கு இலக்கங்கள் தொலைந்தன என்பது உண்மை. அந்த இழப்புக்குக் காரணம் தீர்க்கும் முறையன்று. அக்குறிப்பிட்ட கணக்கின் இயல்பே காரணம்.

தம் கருத்து பொய்த்த இடத்தில் மனிதர் இரண்டில் ஒன்றைச் செய்வர்: முகத்தைத் திருப்பிக்கொள்வர், அல்லது ஏன் பொய்த்தது எனத் தேடுவர். டியூரிங் தேடினார். ஏறத்தாழ ஓராண்டின் பின் அவர் எழுதி முடித்த ஆய்வுரை, அணிகளைக் கையாளும்போது எண்களைச் சுருக்குவதால் விளையும் பிழைகளைப் பற்றியது. அது 1948இல் இங்கிலாந்தின் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அமெரிக்காவில் வான் நியூமனும் கோல்ட்ஸ்டைனும் 1947இல் இதே சிக்கலை வேறு வழியில் ஆராய்ந்து வெளியிட்டிருந்தனர். இவ்விரண்டு ஆய்வுகளுமே மேற்கூறிய அச்சத்தைப் பெரிதும் நீக்கின.

பிழை பெரிதா சிறிதா என்று பேசவேண்டுமாயின், முதலில் அதன் அளவைச் சொல்லத் தெரியவேண்டும். ஒரே எண்ணாயின் தொல்லையில்லை. 18 விடைகளில் 18 பிழைகள் இருப்பின்? ஒரு சிற்றெடுத்துக்காட்டைக் காண்போம். நான்கு விடைகளில் நேர்ந்த பிழைகள் 3, கழித்தல் 4, சுழியம், 12 என்க. அவற்றை வெறுமனே கூட்டினால் கூட்டற்குறியும் கழித்தற்குறியும் ஒன்றையொன்று தின்றுவிடும். எனவே குறியை விட்டு மிகப் பெரியதை மட்டும் எடுக்கலாம்: 12. அல்லது குறியை விட்டு அனைத்தையும் கூட்டலாம்: 19. அல்லது ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் காணலாம்: 9, 16, 144 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 169, அதன் மூலம் 13. மூன்றும் பருமனே, மூன்றும் வெவ்வேறு எண்களே. அளப்பவரின் தேவையே எதனைக் கொள்வதெனத் தீர்மானிக்கும். துணியை முழத்தாலும் நெல்லை மரக்காலாலும் அளந்த நம் முன்னோர்க்கு இது புதிதாகத் தோன்றியிராது.

டியூரிங் தம் ஆய்வுரையில் அணிக்கு மூன்று அளவுகளை வகுத்துக்கொண்டார். அட்டவணையின் எண்கள் அனைத்தையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் காண்பது ஒன்று. அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணை எடுப்பது மற்றொன்று. மூன்றாவது சற்று ஆழமானது: ஓர் அணி தன்மீது செலுத்தப்படும் எண்வரிசை ஒன்றினை மாற்றித் தருகிறது, அவ்வாறு மாற்றும்போது அவ்வரிசையின் நீளத்தை அது அதிகபட்சம் எத்தனை மடங்காக நீட்டக்கூடும் என்பதே அவ்வளவு. பருமன் என்ற பொதுக் கருத்தைப் போலந்து நாட்டறிஞர் பனாக் முதலியோர் தூய கணிதத்தில் முன்னரே வளர்த்திருந்தனர். அதனைக் கணினியின் பிழையை எடைபோடும் தராசாக்கியதில் டியூரிங்கின் பங்கு தனியானது.

அத்தராசில் அவர் நிறுத்திக் காட்டியது எதனை? கணக்கின் இயல்பை. அவ்வுரையிலேயே அவர் தந்த எடுத்துக்காட்டை எளிதாக்கிச் சொல்கிறேன். பொறுமையுள்ள மாணவர் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்க. தெரியாக் கணியங்கள் இரண்டையும் க, ச எனக் கொள்வோம்.

முதற் சோடி:
1.4க + 0.9ச = 2.7
−0.8க + 1.7ச = −1.2

இதன் முதற் சமன்பாட்டில் நூறில் ஒரு பங்கை இரண்டாவதோடு கூட்டிப் புதியதொன்றை ஆக்கி, அதனைப் பழைய இரண்டாவதோடு சேர்த்து வைப்போம்.

இரண்டாம் சோடி:
−0.786க + 1.709ச = −1.173
−0.800க + 1.700ச = −1.200

இரண்டு சோடிகளுக்கும் விடை ஒன்றே: க ஏறத்தாழ 1.83, ச ஏறத்தாழ 0.15. இனி ஒவ்வொரு சோடியிலும் முதல் வரியின் வலப்பக்க எண்ணை 0.003 மட்டும் உயர்த்திப் பாருங்கள். முதற் சோடியில் க அசைவதே இல்லை. மூன்றாம் தசம இலக்கத்தில்தான் சிறு மாற்றம். இரண்டாம் சோடியிலோ க 1.99 ஆகிவிடுகிறது, ச 0.23 ஆகிவிடுகிறது. அற்பமான அதே தள்ளல், நூறு மடங்கு ஆட்டம். இரண்டாம் சோடியின் இரு வரிகளும் ஏறக்குறைய ஒரே செய்தியையே கூறுகின்றன. அவை வேறுபடும் நூலிழையைப் பற்றிக்கொண்டே விடை நிற்கிறது.

இவ்வியல்பை முன்கூட்டியே அறியும் வழியை டியூரிங் கண்டார். அணியின் பருமனையும், அதன் நேர்மாறு அணியின் பருமனையும் பெருக்கி, அணியின் வரிசை எண்ணால் வகுக்கவேண்டும். மேற்கண்ட முதற் சோடிக்கு அவ்வாறு கணித்தால் ஏறத்தாழ 1 வரும். இரண்டாம் சோடிக்கு ஏறத்தாழ 114 வரும். இவ்வெண்ணை நிலை எண் எனலாம். அது சிறிதாயின் விடையை நம்பலாம். பெரிதாயின், பொறி எத்துணை நுட்பமாகக் கணித்தாலும், கொடுத்த எண்களில் உள்ள சிறு ஐயமும் விடையிற் பேருருக் கொள்ளும். ஆக, குற்றம் பொறியினதா கணக்கினதா என்று பிரித்தறிய ஒரு வழி பிறந்தது. நீக்கல் முறை என்பது ஓர் அணியைக் கீழ்முக்கோணம், மேல்முக்கோணம் என்னும் இரண்டு அணிகளின் பெருக்கமாகப் பிரிப்பதே என்பதையும் அதே உரையில் அவர் தெளிவாக்கினார். இன்றைய மென்பொருள்கள் யாவும் அவ்வடிவிலேயே அவ்வேலையைச் செய்கின்றன.

இவ்வுரை எழுதப்பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே டியூரிங் நெடுந்தொலைவு ஓட்டத்திலும் முன்னணியில் நின்றார் என்பதை இளையோர் அறிந்துகொள்வது நன்று. அவ்வாண்டு நடந்த தேசிய மரதன் போட்டியில் 2 மணி 46 நிமிடம் 3 செக்கனில் ஓடி ஐந்தாம் இடம் பெற்றார். கணித்துக் களைத்த மூளைக்கு ஓட்டமே அவருக்கு மருந்து.

ஏஸ் பொறியின் தாமதத்தாற் சலிப்புற்ற அவர், 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். அவர் விட்டுச்சென்ற வடிவத்தைச் சிறிதாக்கி வில்கின்சனும் பிறரும் எழுப்பிய முன்னோடிப் பொறி, 1950 மே 10ஆம் நாள் முதன்முதலாக ஓடியது. வில்கின்சன் தம் எஞ்சிய வாழ்நாளை அணிக் கணக்குகளின் பிழையை ஆராய்வதற்கே ஈந்தார். டியூரிங் தொட்டுச் சென்ற இழை அவர் கையில் துணியாயிற்று.

அத்துணி இன்று எங்கெல்லாம் விரிந்துள்ளது என்று சிறிது பார்ப்போம். எழுபதுகளின் இறுதியில் அமெரிக்க அறிஞர்கள் உருவாக்கிய லின்பேக் என்னும் நிரற்றொகுதி, சமன்பாட்டைத் தீர்ப்பதோடு நிலை எண்ணையும் மதிப்பிட்டுத் தந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான கிளீவ் மோலர் தம் மாணவர்க்கென எழுதிய மேட்லேப் மென்பொருளில், நார்ம் என்ற ஒரு சொல்லைத் தட்டினால் அணியின் பருமன் கிடைக்கும்; வேறு குறிப்பின்றிக் கேட்டால், நீட்டலை அளக்கும் டியூரிங்கின் மூன்றாம் அளவையே அது தரும். பைத்தன் மொழியில் நம் மாணவர் பயன்படுத்தும் நம்பையோ, அவ்வாறே கேட்டால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் காணும் முதலாம் அளவைத் தரும். அதற்கு இன்று செருமானிய அறிஞர் புரோபேனியசின் பெயர் வழங்குகிறது. ஒரே அணிக்கு இரண்டு மென்பொருள்கள் இரண்டு விடை தருவதைக் கண்டு திகைக்கும் மாணவர், எது பிழை என்று தேடவேண்டியதில்லை.

வர்க்கித்துக் கூட்டி மூலம் காண்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் எளிதென்று தோன்றலாம். கணினியில் அதுவும் எளிதன்று. 3 என்ற எண்ணின் பின் 200 சுழியங்கள், 4 என்ற எண்ணின் பின் 200 சுழியங்கள் என இரு எண்கள் கொண்ட வரிசையின் பருமன், 5இன் பின் 200 சுழியங்கள். வழக்கமான கணினி எண்ணில் அவ்விடை நன்றாக அடங்கும். ஆனால் இடையில் வர்க்கிக்கும்போது 9இன் பின் 400 சுழியங்கள் தோன்றும். கணினியோ 308 சுழியங்களுக்கு அப்பால் எண்ணமாட்டாது. முடிவிலி என்று சொல்லிக் கைவிரித்துவிடும். மிகச் சிறிய எண்களாயின் வர்க்கித்ததும் சுழியமாகிவிடும். இருக்கின்ற பிழையை இல்லையென்று சாதிக்கும். ஆகவே, தேர்ந்த நிரலாளர் முதலில் வரிசையின் மிகப் பெரிய எண்ணால் மற்றவற்றை வகுத்து, பின் வர்க்கித்துக் கூட்டி மூலம் கண்டு, இறுதியில் அப்பெரிய எண்ணால் மீண்டும் பெருக்குவர். வரிசை முழுதும் சுழியமானால் வகுத்தலே கூடாது என்பதையும் மறவார். பருமனைத் தாமே நிரலாக்க முனையும் பிள்ளைகள் முதலில் இடறும் இடம் இதுவே.

மான்செஸ்டரில் டியூரிங்கின் சிந்தனை வேறு திசைகளிற் சென்றது. பொறி சிந்திக்குமா என்னும் வினாவை 1950இல் ஆராய்ந்தார். 1951இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். விலங்குகளின் தோலில் புள்ளியும் கோடும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்கு 1952இல் கணித விளக்கம் தந்தார். அதே 1952இல், மற்றோர் ஆடவரோடு கொண்ட உறவுக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அக்காலத்து ஆங்கிலச் சட்டம் அதனைக் குற்றமென்றது. சிறைக்குப் பதிலாக, ஓராண்டுக் காலம் இயக்குநீர் மருந்து ஏற்கவேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். நாட்டின் மந்தணப் பணிகளுக்கான தகுதியும் பறிக்கப்பட்டது. நாட்டைக் காத்தோருள் ஒருவரை நாடு நடத்திய விதம் இது. 1954 ஜூன் 7ஆம் நாள், தமது 42ஆம் பிறந்தநாளுக்குப் பதினாறு நாள்கள் இருக்கையில், வில்ம்ஸ்லோ நகரில் தம் இல்லத்தில் சயனைட்டு நஞ்சினால் உயிர்நீத்தார். தற்கொலை என்பது மரண விசாரணையின் முடிபு. ஆய்வுப் பொருளைக் கையாண்டபோது நேர்ந்த விபத்தென்றே அன்னையார் இறுதிவரை நம்பினார்.

பிரித்தானியப் பிரதமர் 2009இல் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013 டிசம்பரில் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது. 2021 ஜூன் 23ஆம் நாள் அவர் உருவம் தாங்கிய 50 பவுன் தாள் புழக்கத்துக்கு வந்தது. இவை யாவும் காலங்கடந்தவை.

போத்தனூரிற் பிறந்த அந்த அன்னை, மகன் மறைந்து ஐந்தாண்டுகளில், 1959இல், அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். போர்க்காலத்தில் மகன் செய்தது யாதென்பது அப்போது மந்தணமாயிருந்தமையால் அந்நூலில் அதற்கு இடமில்லை. 1976இல், தமது 94ஆம் வயதில் அவர் காலமானார். அதற்கு முன்னரே, 1966இல், கணினியியலின் மிக உயர்ந்த விருது அவர் மகனின் பெயரால் நிறுவப்பட்டிருந்தது. 1970ஆம் ஆண்டுக்கான அவ்விருதைப் பெற்றவர் ஜேம்ஸ் வில்கின்சன். விருதேற்று ஆற்றிய உரையில் அவர், டெடிங்டனில் நால்வர் அமர்ந்து 18 சமன்பாடுகளைத் தீர்த்த கதையையும், தோல்வியை எதிர்பார்த்து மேசைப் பொறியோடு மல்லுக்கட்டிய தம் நண்பரையும் அவையோர்க்கு நினைவூட்டினார்.